கிட்னியின் நம்பரில் எலும்பக்கா

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தவளை எல்லோரும் எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெலிந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வாட்டசாட்டமான ஆள், படியேறி வந்தால் இரண்டு மாடிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். பேர் வந்தது அவள் பார்த்த வேலையால். எங்கெங்கோ இருக்கும் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தங்கள் குறிப்புகளை ஒரு கருவியில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கம்பெனி அவளை எலும்பு முறிவுப் பிரிவில் போட்டிருந்தது. முழங்கால், முதுகுத்தண்டு, தோள்பட்டை என்று நாள் முழுக்க எலும்புதான்.

அவள் புருஷனுக்கும் அதே கம்பெனி, அதே வேலை. அவனுக்குச் சிறுநீரகப் பிரிவு. ஆகவே அவன் கிட்னி. படுக்கையறையில் கட்டிலைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு இரண்டு மேசைகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். இருவர் காதிலும் ஹெட்செட், இருவர் காலடியிலும் ஒரு பெடல். பெடலை அழுத்தினால் மருத்துவர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். புருஷன் பேசும்போதும் இப்படி ஒரு பெடல் இருந்தால் தேவலை என்று அவள் அடிக்கடி சொல்வாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் அன்றைய மருத்துவர்களை நடித்துக் காட்டுவான். அவர்களில் ஒருவர் ஒவ்வொரு கமாவுக்கும் இருமுவார். "கமா, க்ஹூம், வலது சிறுநீரகம், க்ஹூம், கமா" என்று அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு இருமினால் அவன் அம்மாவே சிரித்து, வாயில் இருந்ததைத் துப்பிவிடுவாள்.

கம்பெனிக்கு விதிகள் ஏராளம். கம்ப்யூட்டரை அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். இணையம் ஒயர் வழியாகத்தான் வர வேண்டும். காற்றில் வந்தால் நோயாளியின் ரகசியம் கசிந்துவிடுமாம். ரகசியத்தின் மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டவர்கள் இப்போது அங்கே வேலையில் இல்லை. போதாக்குறைக்கு, ஊழியர்கள் ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, அண்மையில் கடவுச்சொல்லையே ஒழித்துவிட்டார்கள். ஒயரைச் செருகும் ஒவ்வொரு நெட்வொர்க் பொருத்தியிலும் தொழிற்சாலையிலேயே ஒரு நம்பர் பதிந்து வரும், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அந்த நம்பர் கம்பெனியின் கதவைத் தட்டினால் கதவு திறக்கும், ஆஜர் விழும். எலும்பக்காவின் லேப்டாப் பழையது, கனமானது. அதில் லேன் எனும் இணைய ஒயருக்கென்றே உடம்போடு சேர்ந்த ஒரு துவாரம் உண்டு. அந்தத் துவாரத்தின் நம்பர்தான் எலும்பக்கா. கிட்னியின் லேப்டாப் மெல்லியது, துவாரம் கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு சின்ன வெள்ளை அடாப்டரைக் கம்பெனியே அவனுக்கு அனுப்பியிருந்தது. அந்த அடாப்டர்தான் கிட்னி.

ஒருநாள் பகலில் கிட்னியின் லேப்டாப் பேட்டரி உப்பிக்கொண்டது. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அடாப்டரும் அதில் தொங்கிய ஒயரும் மேசைமேலேயே கிடந்தன. சாலைத் திருப்பத்தில் ஒரு சரக்கு வண்டி அவன் மேல் ஏறியது. ஓட்டியவன் அதற்கு முந்தின இரவும் தூங்கவில்லை, தூங்கவிடாத முதலாளியை யாரும் விசாரிக்கவில்லை. ஓட்டியவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், கணக்கு நேரானது. லேப்டாப்பும் கிட்னியோடு போயிற்று.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எலும்பக்கா அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். துக்கம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒருமுறை வாய்விட்டு அழுதால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவளுக்கு நெஞ்சில் எதுவும் அடைத்துக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை. ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி, அப்படித்தான் உடம்பு முழுக்க இருந்தது. கூட்டத்தில் புருஷனின் பெரியப்பா ஒருவர் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு ஓடிய ஒயரில் கால் தடுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயரோடு எலும்பக்காவின் லேப்டாப் மேசையிலிருந்து இழுபட்டு, லேன் துவாரத்தின் உள்தகடு பிய்ந்து வெளியே வந்துவிட்டது. இந்த நேரத்தில் இதைப் போய்ப் பேசுவதா என்று எல்லோரும் அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

ஆட்கள் கலைந்த பிறகு வீட்டில் அவளும் மாமியாரும்தான். வேலைக்குத் திரும்ப வேண்டும். கொழுந்தன் வந்தான். முன்பு தெருத்தெருவாகக் கேபிள் இழுத்தவன், இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான், பேர் மட்டும் கேபிள் என்றே நிலைத்துவிட்டது. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி, இது லேப்டாப் இல்ல, முதியோர் இல்லம். ஒவ்வொண்ணா கழண்டுக்கிட்டு வருது."

"வேலை செய்யுமா?"

"செய்ய வைக்கலாம். ரெண்டு ஓட்டைதான் இருக்கு, வால் மூணு இருக்கு. அதான் சிக்கல்."

இருந்த இரண்டு யு.எஸ்.பி. துவாரங்களில் ஒன்று பெடலுக்கு, மற்றது ஹெட்செட்டுக்கு. நெட்வொர்க்குக்கு மூன்றாவது வேண்டும். ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஹப் ஒன்றைக் கேபிள் கொண்டுவந்தான். புது அடாப்டர் வாங்க வேண்டுமே என்று அவன் இழுத்தபோது கதவருகே நின்றிருந்த மாமியார்தான் கிட்னியின் மேசையைக் காட்டினாள். அவனுடையது சும்மாதானே கிடக்கிறது, அவன் பொண்டாட்டிக்கு இல்லாததா என்றாள். அதுவும் சரிதான் என்று கேபிள் அதை எடுத்துத் தூசி ஊதிச் செருகினான். எலும்பக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அந்த நம்பர் விவகாரம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் அன்று அவளிடமிருந்து மேசையையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் விட்டிருப்பாள்.

முதலில் அது சரிப்பட்டு வரவில்லை. காலால் பெடலை அழுத்தும்போதெல்லாம் இணையம் அறுந்தது. ஒரே குழாயில் மூன்று வீட்டுக்குத் தண்ணீர் விட்டால் மாடிக்கு ஏறுமா என்று சொல்லிவிட்டுக் கேபிள் போய், தனியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வேறு ஹப்போடு வந்தான். அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் மாட்டினான். அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. வரிசையில் கோப்புகள் நின்றன.

எலும்பக்கா உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். எலும்பு ஒன்றுகூட வரவில்லை. சிறுநீர்ப்பை, கல், வடிகட்டும் இயந்திரம் என்று வேறு உலகமாக இருந்தது. ஆட்கள் குறைந்திருப்பார்கள், பிரிவை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கம்பெனி சொல்லிவிட்டா எதையும் செய்கிறது? தெரியாத வார்த்தைகளைப் புருஷன் அகராதியில் குறித்து வைத்திருந்த பக்கங்களில் தேடினாள். அவன் கையெழுத்தைப் பார்த்தபோதும் உதட்டு மரப்பு போகவில்லை. எழுத்து புரிகிறதா என்பதுதான் அப்போதைய கவலையாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு கோப்பைத் திறந்தாள். ஒரு மருத்துவர் தொண்டையைச் செருமினார். "நோயாளி முன்பு பார்த்தவர்தான், க்ஹூம், கமா" என்றார்.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். அந்த மனுஷரை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை, ஆனால் எத்தனையோ சாப்பாட்டு வேளையில் கேட்டிருக்கிறாள். நடித்தவன் கொஞ்சம்தான் மிகைப்படுத்தியிருந்தான். உண்மையான இருமல் அவன் காட்டியதைவிடச் சின்னதாக, அசதியாக இருந்தது.

திரையின் மூலையில் ஊழியர் எண் எப்போதும் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை, வீட்டுக் கதவு எண்ணை வீட்டுக்காரர் பார்ப்பாரா? இப்போது பார்த்தாள். அவனுடைய எண். அத்தனை நாளும் கதவைத் தட்டியது வெள்ளை அடாப்டர். வந்தது கிட்னி என்று கம்பெனி எழுதிக்கொண்டிருக்கிறது.

உடனே அவள் போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலைப் பெடலில் வைத்தாள். இருமல்காரர் தொடர்ந்தார், அவள் அடித்தாள். மறுநாளும் அடித்தாள். அன்பு, நினைவு என்று அதற்குப் பெரிய பேர் எதுவும் வைக்க வேண்டாம். எழுந்து விளக்கை அணைக்கச் சோம்பிக்கொண்டு ஒருவர் வெளிச்சத்திலேயே படுத்திருப்பது போலத்தான் அது.

சாவுச் செய்தியைக் கேபிள் முதலிலேயே கம்பெனிக்கு எழுதியிருந்தான். பதிவு செய்துகொண்டோம் என்று பதிலும் வந்திருந்தது. ஆனால் அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பது இயந்திரம். இந்த ஊழியர் இன்று காலைகூட ஆஜர், ஆகவே தகவல் தவறு என்று அது கோப்பை மூடிவிட்டது. மூடியதோடு நிற்கவில்லை. மாதக் கடைசியில் கிட்னியின் செல்போனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. பிரிவிலேயே பிழை குறைந்த ஊழியர் அவன்தானாம்.

விபத்தில் தப்பிய அந்த போன் மாமியாரிடம் இருந்தது. தலைமாட்டில் வைத்து நாள் தவறாமல் சார்ஜ் போடுவாள். செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி படித்துவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்தாள். உங்க பிள்ளை எங்கேயும் போகல, பொறுப்பான பிள்ளையாச்சே, விட்ட வேலையை முடிக்க வந்திருக்கு என்றாள். மாலைக்குள் நாலு மாடிக்கும் அது பரவியது. இரண்டாம் மாடி ஆசிரியர்கூட, அறிவியல் பாடம் நடத்துகிறவர், நமக்குத் தெரியாத எத்தனையோ இருக்கிறது என்றாராம். தெரிந்துகொள்ள ஒரு மாடி ஏறி வந்து கேட்டிருந்தால் போதும்.

கேபிள் வந்தபோது எலும்பக்கா நடந்ததைச் சொன்னாள். அவன் அடாப்டரைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணன் உயிரோட இருந்தப்ப காய்ச்சல்னு ஒரு நாள் லீவு கேட்டான், குடுக்கல. செத்தப்புறம் ஆஜர் போட்டு, பாராட்டும் அனுப்பிருக்கானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது. வரவில்லை.

அந்த வாரமே அவர்கள் குழுவின் தலைவி கூப்பிட்டாள். சின்ன வயசு, கெட்டவள் இல்லை, தனக்கு மேலே இருப்பவர்களுக்குப் பயந்து பேசுகிறவள். போன் ஒலித்தபோது எலும்பக்கா கூடத்தில் இருந்தாள், மாமியார் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சு பதிவாகும் என்று முதலில் ஒரு இயந்திரக் குரல் சொன்னது. பிறகு தலைவி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். எலும்பக்காவின் எண் பல நாளாகக் கதவைத் தட்டவில்லை. ஆகவே இயந்திரம் அவளை வேலையை விட்டுப் போனவள் என்று நீக்கிவிட்டது. எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் போயிருக்கின்றன, அவளுடைய உள்பெட்டிக்கு. அந்தப் பெட்டியைத் திறக்க அவளுடைய எண் வேண்டும். அது பெரியப்பா காலில் பிய்ந்துபோயிருந்தது.

நடந்தது என்ன என்று தலைவிக்கு ஒருமாதிரி ஊகம் இருந்தது. அதனால்தான் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சார் எண்ணு நல்லா ஓடிட்டு இருக்கு. அவரு உங்களுக்கு மேல் படி, அடிக்கிற வரிக்கு ரேட்டும் அதிகம். அது பாட்டுக்கு ஓடட்டுமே. உங்களைத் திரும்பச் சேக்கணும்னா மேல ஏகப்பட்ட கேள்வி வரும்."

"அப்ப நான்?"

"நீங்கதான் சொல்லாம கொள்ளாம நின்னுட்டதா ஆயிடுச்சே அக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

எலும்பக்கா கீரைக் குவியலைப் பார்த்தாள். மாமியாரின் கை நின்றிருந்தது. ஒப்புக்கொண்டால் வேலை இருக்கும், படியும் இருக்கும், மாதக் கடைசியில் மாமியாருக்கு மகனிடமிருந்து செய்தியும் வரும். உயிரோடு இருப்பவளின் பேரை அடித்துவிட்டுச் செத்தவனை வைத்துக்கொள்வதுதான் சுலபம் என்று ஒரு அலுவலகம் கணக்குப் போட்டிருக்கிறது. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, அவளைத் தவிர. அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் போனது அவள் இல்லை.

"அவர் செத்துட்டார்," என்றாள்.

அந்த வார்த்தை அதுவரை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அவள் தலையாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அக்கா, இது ரெக்கார்டு ஆவுது. யோசிச்சுப் பேசுங்க."

"ஆவட்டும். பேட்டரி மாத்தப் போன அன்னிக்கே செத்துட்டார். அதுக்கப்புறம் வந்த கிட்னி எல்லாம் நான் அடிச்சது. என் பேரைப் போடுங்க."

"போட்டா ஆள்மாறாட்டம்னு வரும்."

"உங்க மெஷின் யாருன்னு என்னைக் கேக்கவே இல்லையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

தலைவி, எனக்கும் மேலே ஆள் இருக்காங்க அக்கா, எழுதி அனுப்புறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாமியார் கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றாள். இருந்திருக்கலாம் அத்தை என்று எலும்பக்கா ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் சண்டை போட மாமியாருக்குப் பிடி கிடைக்கவில்லை. அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

தீர்ப்பு வரச் சில வாரம் ஆனது. செத்தவர் அடிக்க முடியாது, ஆகவே அந்த எண்ணில் விழுந்த வரிகள் செல்லாது. எலும்பக்கா அந்த நாட்களில் ஆஜர் இல்லை, ஆகவே அவளுக்கும் அந்த வரிகள் சேராது. அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்தார்கள், கத்தி வைத்தார்கள். அவற்றை அடித்தது மட்டும் யாரும் இல்லை என்று முடிவாயிற்று. அவள் விரும்பினால் புதிதாகச் சேர்பவர்களைப் போலத் தேர்வு எழுதிக் கீழ்ப்படியில் சேரலாம். வெள்ளை அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

கேபிள் கடிதத்தைப் படித்துவிட்டுக் காது கூசும்படி திட்டினான், வேறு கம்பெனி பார்க்கலாம் அண்ணி என்றான். பார்க்கலாம், அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்றாள். அவன் வெள்ளை அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடையிலிருந்து ஒரு கறுப்பு அடாப்டர் கொண்டுவந்து ஹப்பில் செருகினான். அவள் தேர்வு எழுதினாள். இத்தனை வருஷம் பார்த்த வேலைக்குத் தேர்வு எழுதுகிறோமே என்ற வெட்கமோ கோபமோ அப்போது வரவில்லை. தேறினாள். புது எண் வந்தது. புதியவர்களுக்கு எந்தப் பிரிவும் கிடையாது, மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வரும்.

புருஷனைப் பற்றிய கடைசிக் கடிதமும் அன்றைக்கே வந்தது. இயந்திரம் ஒருவழியாக அவனை விடுவித்திருந்தது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன எழுதியிருக்கிறார்கள், படித்துச் சொல் என்றாள்.

எலும்பக்கா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இன்ன எண்ணுள்ள ஊழியர் இன்ன தேதியில் பணியிலிருந்து விலகினார். அவருடைய வேலையில் குறை எதுவும் இல்லை. அவரிடம் கம்பெனிப் பொருள் எதுவும் பாக்கி இல்லை.

சொல்லாமல் விட்ட வரி இன்னும் ஒன்று இருந்தது. விலகுகிறவர்கள் எல்லோருக்கும் போடும் வரி. அவருடைய எதிர்காலம் சிறப்பாக அமைய எங்கள் வாழ்த்துகள்.

"அவ்வளவுதானா?" என்று மாமியார் கேட்டாள்.

"அவ்வளவுதான் அத்தை," என்று அவள் திரையை மூடினாள்.